வாசற்படிக்குக் கீழே

சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில் வாழப்பாடியைக் கடந்து சிறிது தொலைவு போனதும், பாக்குத் தோப்புகளின் தலைக்கு மேலே ஒரு முகம் எழுந்து நிற்பதைக் காணலாம். புத்திரகவுண்டன்பாளையம் முத்துமலை முருகன். 146 அடி. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் குடமுழுக்கு நடந்தது. நண்பர்கள் நாங்கள் மூவர், சித்திரை வெயில் தாழ்ந்த ஒரு பிற்பகலில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பேரனைத் தோளில் சுமந்திருந்த ஒரு முதியவர் எங்களிடம் கேட்டார்: "ஏனுங்க, நம்முளுது ஒசரமுங்களா, மலேசியாவுது ஒசரமுங்களா?" நம்முடையதுதான், ஆறடி உயரம் என்றோம். அவர் முகத்தில் தோன்றிய நிறைவைக் கண்டபோது எங்களுக்கும் ஏதோ ஒரு பங்கு கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

பின்னர் காரில் திரும்பும்போதுதான் அந்த ஆறடியைப் பற்றி யோசித்தோம். கோலாலம்பூர் பத்துமலையின் முருகன் சிலை 2006ஆம் ஆண்டுத் தைப்பூசத்தை ஒட்டித் திறக்கப்பட்டது, 140 அடி. அதை வடித்த திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான் முத்துமலைச் சிலையையும் வடித்தவர். ஒரே கை பதினாறு ஆண்டு இடைவெளியில் தன்னையே ஆறடி தாண்டியிருக்கிறது. அத்தோடு நின்றுவிடுமா? கோவை மருதமலையில் 184 அடியில் ஒரு முருகன் சிலை நிறுவப்படும் என்று 2025இல் அறிவிப்பு வந்துவிட்டது. அது எழுந்து நிற்கும் நாளில் நம் முதியவர் எந்த ஊர்ச் சிலையின் அடியில் நின்று, யாரிடம், என்ன கேட்பார்?

பக்தியை நாம் இங்கே அளக்கவில்லை. அதற்கு அடிக்கோல் கிடையாது. நாம் பேசுவது 'உலகிலேயே மிக உயரமானது' என்ற சொற்றொடரைப் பற்றி மட்டுமே. இச்சொற்றொடர் எந்த ஊரில் குடியேறினாலும் வாடகைக்குத்தான் குடியேறுகிறது.

நியூயார்க்கில் 1929ஆம் ஆண்டு நடந்த கூத்து ஒன்றை நினைவூட்டலாம். கிரைஸ்லர் கட்டடமும் வால் தெருவின் நாற்பதாம் எண் கட்டடமும் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டுக்கொண்டிருந்தன. கிரைஸ்லர்காரர்கள் தங்கள் கட்டடத்தின் வயிற்றுக்குள்ளேயே 185 அடி உயர எஃகு ஊசி ஒன்றை யாருக்கும் தெரியாமல் பூட்டி வைத்திருந்து, அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் மேலே தூக்கி நிறுத்தினார்கள். மொத்த உயரம் 1,046 அடி ஆயிற்று. ஐஃபில் கோபுரமும் தாழ்ந்தது. அந்த வாரமே அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. கிரைஸ்லரின் பட்டமோ இரண்டாண்டு கூட நிலைக்கவில்லை. 1931இல் எம்பயர் ஸ்டேட் வந்துவிட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து இதே ஊசி விவகாரம் வேறு வடிவில் வந்தது. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் உச்சி ஊசி கணக்கில் சேரும், சிகாகோவின் சியர்ஸ் கோபுரத்து அலைவாங்கிக் கம்பங்கள் சேரா என்று தீர்ப்பாகி, மனிதர் குடியிருக்கும் தளங்கள் தாழ்வாக உள்ள கோபுரம் உயரத்தில் வென்றது. துபாயின் புர்ஜ் கலீஃபா 828 மீட்டர். அதில் கடைசி 244 மீட்டரில் மனிதர் புழங்கும் தளம் ஏதும் இல்லை. அந்த வெற்று உச்சியை மட்டும் வெட்டித் தனியே தரையில் வைத்தாலும் 800 அடி வரும். 1959இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்து, நம் பக்கத்து ஜனங்கள் பட்டணம் போனால் பார்க்காமல் திரும்பாத எல்.ஐ.சி. கட்டடத்தைப் போல நான்கரை மடங்கு. அது 177 அடி.

அன்று மாலை நாங்கள் ஆத்தூரிலிருந்து ராசிபுரம் சாலையில் திரும்பினோம். எங்களில் ஒருவரின் பெரியப்பாவுக்கு நாமகிரிப்பேட்டை அருகே ஐந்து ஏக்கர் தோட்டம். கொல்லிமலை கிழக்கே நீலமாகத் தெரியும் இடம். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் மாறி மாறிப் போட்ட நிலம். இப்போது வரப்பை ஒட்டிய நாற்பது தென்னைகள்தாம் மிச்சம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தில் இரைச்சல் காதைப் பிளந்தது. ரிக் வண்டி ஒன்று, அதன் பக்கத்தில் கம்ப்ரசர் லாரி ஒன்று. சாம்பல் நிறப் புழுதி தென்னை மட்டைகளின் மீதெல்லாம் படிந்திருந்தது. சத்தீஸ்கரிலிருந்து வந்திருந்த நான்கு இளைஞர்கள், கண்ணிமை வரை வெளுத்து, இருபதடி இரும்பு ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிப் பூமிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விரலால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு ராடுக்கு ஒரு கோடு.

"எத்தனை ஆச்சுங்க பெரியப்பா?"

"நாப்பத்தொண்ணு கண்ணு. பொகைதான் வருது."

இவ்வட்டாரத்தாருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளையில் தண்ணீர் கண்டால் சேறு கக்கும். காணாவிட்டால் அரைபட்ட பாறை மாவு புகையாக மேலே வரும். 41 ராடு என்றால் 820 அடி. 820 அடி வரை புகை.

இரவு உணவின்போது அவர் தோட்டத்தின் கிணற்றுக் கதையைச் சொன்னார். கேட்கக் கேட்க எங்களுக்குள் இன்னொரு கணக்கும் கூடவே ஓடியது. அவருடைய அப்பா காலத்தில் கவலை பூட்டி இறைத்த கிணறு 60 அடி, எல்.ஐ.சி. எழுந்த காலத்திலும் அதே 60 அடிதான், வைகாசியில் கூடப் பையன்கள் குதித்து நீந்தினார்கள். சிகாகோவில் சியர்ஸ் கோபுரம் 1974இல் முடிந்து 1,450 அடியைத் தொட்டபோது இங்கே மோட்டார் வந்திருந்தது. கிணறு 75 அடிக்கு வெட்டப்பட்டிருந்தது. 1983இல் கிணற்றின் அடியிலேயே முதல் போர், 200 அடி. பெட்ரோனாஸ் திறந்த ஆண்டுகளில் தென்னைக்கு நடுவே இரண்டாவது போர், 450 அடி. தைப்பேயில் 101 மாடிக் கோபுரம் 2004இல் உலகப் பட்டத்தைப் பறித்தபோது, மூன்றாண்டு வறட்சிக்குப் பின் மூன்றாவது போர், 700 அடி. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்தது. மறு ஆண்டு நான்காவது, 900 அடி. உலகத்தின் கூரை எந்த வேகத்தில் மேலே போயிற்றோ, ஏறத்தாழ அதே வேகத்தில் பெரியப்பாவின் தண்ணீர் கீழே போயிருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று காரணமில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பின்பு, ஒன்றை மட்டும் தனியே நினைக்க முடியவில்லை.

சிகாகோவில் உயர்ந்த கட்டடங்களுக்கென்று ஒரு பன்னாட்டு மன்றம் இருக்கிறது. எது உயரம், எது உயரமில்லை என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை. அதன் விதிப்படி, மனிதர் நடந்து உள்ளே புகும் திறந்தவெளி வாசல்களுள் தாழ்ந்ததன் தரைமட்டத்தில் அளவை தொடங்குகிறது, உச்சியில் முடிகிறது. வாசற்படிக்குக் கீழே எவ்வளவு தோண்டியிருந்தாலும் அது கணக்கில் வராது. புர்ஜ் கலீஃபாவைத் தாங்கும் அடித்தளத் தூண்கள் ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில் நிற்கின்றன. பெட்ரோனாஸின் தூண்கள் உலகிலேயே ஆழமானவற்றைச் சேர்ந்தவை. அவற்றில் மிக நீண்டதும் 400 அடியை எட்டவில்லை. பெரியப்பாவின் இரண்டாவது போரே அதைத் தாண்டிவிட்டது. தரைக்குக் கீழே அளப்பவர் யாராவது இருந்தால், சேலம், நாமக்கல் சமவெளியின் எந்தக் குக்கிராமமும் துபாயோடு போட்டியிட்டு வெல்லும். அளப்பவர் இல்லை; ஆகவே கல்வெட்டும் இல்லை, நாடா வெட்டும் விழாவும் இல்லை.

இதை எழுதும்போது திருச்செங்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது நன்றிகெட்டதனம். மலைமேல் அர்த்தநாரீசுவரரையும் அடிவாரத்தில் ரிக் வண்டிகளையும் வைத்திருக்கும் ஊர் அது. இந்தியாவின் எந்த மாநிலத்தில் எந்தக் காட்டில் போர் போடும் சத்தம் கேட்டாலும், வண்டியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு; ஆப்பிரிக்க நாடுகள் வரை போயிருக்கிறார்கள். கடும்பாறையை உடைக்கத் தெரிந்தவர்களிடம் அந்தத் தொழில் போய்ச் சேர்ந்தது வியப்பில்லை. நம் நிலம் அப்படி. மேலே சில பத்து அடி மண்ணும் மக்கிய கல்லும்; அதன் கீழே சார்னகைட்டும் நைஸும் இறுகிக் கிடக்கும் பழம்பாறை. அதில் தண்ணீர் கிடையாது. பாறையின் வெடிப்புகளில்தான் தண்ணீர். ஆழம் போகப் போக, மேலிருக்கும் பாரத்தால் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன, அரிதாகின்றன. அங்கே அகப்படும் நீர் நேற்றைய மழையன்று. பல தலைமுறைகளுக்கு முன் இறங்கியதாக இருக்கலாம். எடுத்தால் அதே வேகத்தில் ஊறாது. வேறு சொற்களில் சொன்னால், எழுநூறு அடிக்கு மேல் ஒவ்வொரு ராடும் லாட்டரிச் சீட்டு. அதற்கு விலையும் ஏறுவரிசை: ஆழம் கூடக் கூட, அடிக்கான கூலி கூடும். நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாத கணக்கு அது. 820 அடியில் நிறுத்தினால் 820 அடியும் வீண். இன்னும் ஒரு ராடு போனால் கிடைத்தாலும் கிடைக்கும்.

வானளாவிகளுக்கும் இதுவேதான் கணக்கு. ஆண்ட்ரூ லாரன்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் 1999இல் ஒரு பாதி விளையாட்டான சுட்டெண்ணை முன்வைத்தார்: உலகின் மிக உயர்ந்த கட்டடம் எழும்போதெல்லாம் ஒரு பொருளாதாரச் சரிவு அருகில் நிற்கிறது என்று. விதிவிலக்குகள் இருக்கின்றன என்று வல்லுநர்கள் மறுக்கிறார்கள், இருக்கட்டும். துபாயின் கதை மட்டும் அவர் எழுதிக் கொடுத்தது போலவே நடந்தது. 2009 நவம்பரில் துபாய் அரசின் நிறுவனம் கடனைக் கட்டத் தவணை கேட்டது. டிசம்பரில் அபுதாபி ஆயிரம் கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. 2010 ஜனவரி 4ஆம் நாள், அதுவரை 'புர்ஜ் துபாய்' என்றே அழைக்கப்பட்ட கோபுரம் திறப்புவிழா மேடையில் அபுதாபி ஆட்சியாளரின் பெயரைச் சூடிக்கொண்டது. கடன் பட்டவன் பெயர் போய்க் கடன் கொடுத்தவன் பெயர் வந்தது. நாமகிரிப்பேட்டைத் தோட்டத்தில் பெயர்ப்பலகை இல்லாத காரணத்தால் அப்படி ஏதும் மாறவில்லை. நான்காவது போருக்காக அடகு போன பெரியம்மாவின் நகை இன்னும் மீளவில்லை என்பதை மட்டும் சாப்பாடு பரிமாறும்போது வெறுங்கழுத்தில் கண்டோம்.

எங்கள் நண்பர்களில் ஒருவர் இந்த இடத்தில் வாதிட்டார். "உயரத்தைக் கண்டு மனிதன் மகிழ்வதில் என்ன பிழை? தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதைக் கட்டியவனை இன்றும் கொண்டாடுகிறோமே" என்றார். பிழையில்லை. நாங்களும் ராஜராஜனின் பக்கம்தான். ஆனால் ஊருணியும் ஏரியும் வெட்டாமல் விமானம் மட்டும் கட்டிய அரசன் தமிழ்நாட்டில் இல்லை. உயரமானதைக் கட்டியவர்களே ஆழமானதையும் பராமரித்தார்கள். அதற்கும் கல்வெட்டு வைத்தார்கள். நம் காலத்தில்தான் இவ்விரண்டு வேலைகளும் பிரிந்தன. மேலே போவது ஊர் வேலை, அரசு வேலை, உலக வேலை. கீழே போவது தனி ஒருவனின் தலைவிதி.

இந்தச் சமவெளியில் ஒரே ஓர் உயரம்தான் ஊருக்குப் பொதுவானது, அதுவும் நாள்தோறும் அளக்கப்படுவது: மேட்டூர். 1934இல் முடிந்த அணை. கட்டுமானத்தின் உயரம் 214 அடி. ஆனால் அந்த எண் யாருக்கும் நினைவில்லை. நினைவிலிருப்பது நீர்மட்டம்தான், நிறைந்தால் 120. காலைச் செய்தித்தாளை விரித்ததும் தங்க விலைக்கு முன்னால் அதைப் பார்ப்பவர்கள் இங்கே உண்டு. மட்டம் தாழும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் நீருக்குள்ளிருந்து ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். ஜனங்கள் பரிசலில் போய்ப் பார்த்து வருவார்கள். கோபுரம் உயர்வதால் அல்ல, தண்ணீர் இறங்குவதால் தெரியும் கோபுரம். அதைக் கண்டு மகிழ்ந்த விவசாயி ஒருவரையும் நாங்கள் சந்தித்ததில்லை.

நாங்கள் கேட்பது அதிகமில்லை. மேட்டூருக்குச் செய்வதை ஒவ்வோர் ஊருக்கும் செய்யலாமே என்பதுதான். நிலத்தடி நீர் அளவிடும் துறைகள் இருக்கின்றன. குறுவட்டம் குறுவட்டமாக ஆய்ந்து, எங்கே ஊறுவதைவிட அதிகம் உறிஞ்சப்படுகிறது என்று பட்டியலிடுகிறார்கள். நம் இரு மாவட்டங்களின் குறுவட்டங்கள் பலவும் அப்பட்டியலில் உண்டு. அந்தத் தாள் தேநீர்க்கடைக்கு வருவதில்லை. ஊராட்சி அலுவலகச் சுவரில், 'இவ்வூரின் நீர் இன்று இத்தனை அடியில்' என்று ஒரு கரும்பலகை இருக்குமானால், பெரியப்பா அதைப் பார்த்து ஐந்தாவது போரை நிறுத்தியிருப்பாரா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. பக்கத்துத் தோட்டக்காரரோடு அதைப் பற்றிப் பேசவாவது செய்திருப்பார். இப்போதோ ஒவ்வொருவரும் தன் வேலிக்குள் தனியாகத் தோண்டி, ஒரே வெடிப்பின் நீரை இருவரும் எதிரெதிராக இழுக்கிறார்கள். 2003இல் சட்டமன்றம் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றியது. பத்தாண்டுகள் நடைமுறைக்கு வராமலே கிடந்து 2013இல் அது நீக்கப்பட்டது. அதே பத்தாண்டில் எத்தனை ரிக் வண்டிகள் பிறந்தன என்று திருச்செங்கோட்டில் கேட்டால் சொல்வார்கள்.

தோல்வியுற்ற துளைகளின் கணக்கும் எவரிடமும் இல்லை. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட துளை ஒன்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தபோது நாடே நான்கு இரவுகள் தொலைக்காட்சி முன் விழித்திருந்தது. பக்கத்தில் குழி தோண்ட வந்த பெரிய எந்திரங்களைப் பாறை மெதுவாக்கிற்று. குழந்தை பிழைக்கவில்லை. அதன் பின் சில மாதங்கள் எல்லாத் துளைகளுக்கும் மூடி போடச் சொன்னார்கள்.

அன்றிரவு பதினொரு மணிக்கு இரைச்சல் நின்றது. 52 ராடு. 1,040 அடி. கிரைஸ்லர் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கினால் ஆறடிதான் வெளியே தெரியும். ஆயிரத்துப் பத்தாவது அடியில் சேறு கக்கியதாகவும், ஓர் அங்குலத்துக்கும் குறைந்த நீர் என்றும் ரிக் மேற்பார்வையாளர் டார்ச் விளக்கில் காட்டினார். சத்தீஸ்கர் இளைஞர்கள் முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்கள். பெரியம்மா விலைக்கு வாங்கிய குடத்திலிருந்து ஊற்றினார்.

மறுநாள் நாமக்கல் வழியாகத் திரும்பினோம். ஊர் நடுவில் இருநூறு அடிக்கு மேல் எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை. அதன் உடம்பில் அதியமான் மரபினர் குடைந்த இரண்டு குடைவரைகள். எதிரே, மேற்கூரை இல்லாத வெளியில் 18 அடி ஆஞ்சநேயர், இரு கை கூப்பி, நரசிம்மரின் திருவடியை நோக்கியபடி. தலபுராணம் இம்மலைக்கு ஒரு காரணம் சொல்கிறது. கண்டகி நதியிலிருந்து அனுமன் ஒரு சாளக்கிராமத்தைக் கையில் ஏந்தி வந்தான். வழியில் கமலாலயக் குளத்தைக் கண்டு நீராட இறங்கினான். கீழே வைத்த கல் மலையாக வளர்ந்துவிட்டது. உள்ளங்கையளவுக் கல் மலையானது ஒருவன் குளத்தருகே நின்றதால் என்கிறது கதை. குளம் இன்றும் மலையடியில் இருக்கிறது.

நேற்று நண்பர் தொலைபேசியில் பெரியப்பாவோடு பேசினார். மோட்டார் இறக்கியாயிற்றாம். இருபது நிமிடம் ஓடுகிறது. பிறகு காற்று இழுக்கிறது. நிறுத்தி மூன்று மணி நேரம் காத்திருந்தால் மறுபடி இருபது நிமிடம். தென்னை பிழைத்துக்கொள்ளும், மஞ்சள் இனி ஆகாது. சேந்தமங்கலத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடப்பாராம். நீரோட்டம் உள்ள இடத்தில் அது எழுந்து நிற்குமாம்.